சூலக்கரைக்கு வேண்டிய இன்னொரு மருந்து

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் சாலையில் சூலக்கரை இருக்கிறது. கரிசல் பூமி. மழையை நம்பிய விவசாயம். அது கைவிட்டால் தீப்பெட்டியும் பட்டாசும்தான் சோறு போடும். விடியற்காலையில் இந்த வட்டாரத்துச் சாலைகளில் நின்று பாருங்கள். கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆலை வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்து போவதுண்டு. "அவர் மருந்து வேலைக்குப் போயிருக்கிறார்" என்றால், யாரோ வைத்தியர் போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றைக் கலந்து செய்யும் பட்டாசுக் கலவைக்கு இங்கே "மருந்து" என்று பெயர். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்துதான். ஒரே சொல், இரண்டு பொருள்!

முதல் மருந்தின் தூசி மூச்சைத் திணற வைக்கிறது. இரண்டாவது மருந்து மூச்சைத் திறந்து விடுகிறது. முதல் மருந்தைத் தொட்டால் கூலி கிடைக்கும். இரண்டாவது மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசை யார் கொடுப்பது? தொழிலாளியா, முதலாளியா, அரசாங்கமா, இன்ஷூரன்சா?

இரவு இரண்டு மணிக்கு...

இழுப்பு நோய் உள்ள வீட்டாருக்கு நாம் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மார்கழி மாதம். இரவு இரண்டு மணி. பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல் சத்தம். தோள்பட்டை ஏறி ஏறி இறங்குகிறது. தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. தாய் முதுகைத் தடவிக்கொண்டே, எப்போது விடியும், முதல் பஸ் எப்போது வரும் என்று பார்க்கிறாள்.

ஆஸ்துமா என்பது இதுதான். அடுப்பு ஊதும் குழலில் சாம்பல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. அதுபோல நுரையீரலுக்குள் போகும் சிறு குழாய்களின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்து வழியை அடைக்கிறது. சிலருக்கு இது பரம்பரையாக வருகிறது. தூசி, புகை, குளிர்காற்று ஆகியவை அதைக் கிளப்பிவிடுகின்றன. கந்தகம் எரியும்போது வரும் வாயு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இழுப்பு வரும் என்று சொல்ல முடியாது. ஆலை வாசலையே மிதிக்காத குழந்தைக்கும் வரும். ஆனால் இழுப்பு உள்ளவர் கந்தகத் தூசிக்கு நடுவே எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த இரவு எப்படிக் கழியும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சிறுமி கேட்ட கேள்வி

இந்த நோய்க்கு நல்ல மருந்து உண்டு. அது கைக்கு அடக்கமான ஒரு சிறு குப்பி. அதன் பெயர் "இன்ஹேலர்". அது பிறந்த கதை சுவையானது.

1955-ம் ஆண்டு. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போது மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ரப்பர் பந்தை அமுக்கி உறிஞ்ச வேண்டும். கைதவறினால் கண்ணாடி உடைந்து போகும். "தலைக்கு அடிக்கும் ஸ்பிரே போல இதையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா?" என்கிற பொருளில் மகள் கேட்டாளாம். அப்பா அதைச் சின்னப் பிள்ளையின் பேச்சு என்று தள்ளிவிடவில்லை. ஒரே வருடத்தில், 1956 மார்ச்சில், இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது! இன்று பரவலாகப் பயன்படும் சால்பியூட்டமால் என்ற மருந்து 1969-ல் வந்தது.

"இன்ஹேலர் பழகிவிடும், ஒருமுறை தொட்டால் விடாது, மாத்திரையே மேல்" என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு சால்பியூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒரு தடவை அமுக்கினால் வருவது 100 மைக்ரோகிராம்தான். அதாவது ஒரு மாத்திரை நாற்பது அமுக்கலுக்குச் சமம்! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, அதன்பிறகுதான் நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேரே போய் நிற்கிறது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் இன்ஹேலரை மறைத்து வைக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை யாராவது மறைத்து வைக்கிறார்களா?

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திணறல் வந்தபோது உடனே ஆற்றுவது. மற்றொன்று, திணறல் வராமலே தடுப்பது. இந்த இரண்டாவது வகையை நன்றாக இருக்கும் நாளிலும் தினந்தோறும் எடுக்க வேண்டும். ஆற்றும் மருந்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வல்லுநர் குழு 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் தடுக்கும் மருந்துதான் விலை கூடியது. மாதாமாதம் வாங்க வேண்டியது. கூலிக்காரர் வீட்டில் என்ன நடக்கும்? "இப்போதுதான் நன்றாக இருக்கிறதே, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நிறுத்திவிடுவார்கள். உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் பத்தில் நாலு பேர் இந்தியர்! 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு இது.

படுக்கைக்குப் பணம், குப்பிக்கு இல்லை

நம் நாட்டு மருத்துவ இன்ஷூரன்சில் ஒரு விந்தை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மிகவும் நல்ல திட்டம். எத்தனையோ பேருடைய உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் செய்துகொள்வதற்கானது. 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் அப்படித்தான். வீடு திரும்பியபின் 15 நாள் மருந்து. பதினாறாம் நாள்? தனியார் பாலிசிகளிலும் பெரும்பாலும் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம்.

மூச்சுத் திணறி, ஆக்சிஜன் வைத்து, மூன்று நாள் படுத்தால் ஆயிரக்கணக்கில் கொடுக்க இன்ஷூரன்சு தயார். அப்படிப் படுக்காமல் தடுக்கும் சில நூறு ரூபாய்க் குப்பிக்குக் கொடுக்கத் தயாராக இல்லை! கூரை ஒழுகும்போது ஓடு மாற்றக் காசு தராமல், சுவர் இடிந்தபின் வீடு கட்டித் தருகிற கணக்குத்தான் இது.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் ஏற்பட்டதிலிருந்து மருந்தை மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் மருந்து வாங்கப் போகும் நாள் கூலி இல்லாத நாள். 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பையில் ஒரு இன்ஹேலருக்கும் இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாதம் 75 ரூபாய்

இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒரு இன்ஷூரன்சு இருக்கிறது. புதியதல்ல, பழையது. அதுதான் ஈ.எஸ்.ஐ. 1948-ல் சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. 1955 ஜனவரியில் கோயம்புத்தூருக்கு வந்தது. அப்போது முதலமைச்சர் யார் தெரியுமா? விருதுநகரில் பிறந்த காமராஜர்!

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். சம்பளம் 10,000 என்றால் தொழிலாளியிடம் பிடிப்பது 75 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 325 ரூபாய். இதற்குப் பதிலாக, சேர்ந்த முதல் நாளிலிருந்தே தொழிலாளிக்கும், மனைவி அல்லது கணவனுக்கும், பிள்ளைகளுக்கும், அவரை நம்பியிருக்கும் தாய் தந்தைக்கும் வைத்தியம் உண்டு. படுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டாக்டர் எழுதினால் இன்ஹேலரும் அதில் அடக்கம். காசு இல்லை. முன்பே இருந்த நோய் என்று ஒதுக்குவதும் இல்லை. வேலைக்குப் போக முடியாவிட்டால், சந்தா நாட்கள் சரியாக இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலியும் கிடைக்கும். சிவகாசியிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது.

அப்படியானால் என்னதான் குறை? சேர வேண்டியவர்கள் எல்லோரும் சேரவில்லை என்பதுதான். வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் உருட்டுகிற பெண்ணுக்கு முதலாளி யார்? ஆலைக்குள் வேலை செய்தும் கான்டிராக்டர் ஆள் என்று பேரேட்டில் ஏறாதவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சின்ன ஆலையில் பத்துப் பேருக்குக் குறைவாகக் கணக்குக் காட்டினால் சட்டத்துக்கே வெளியே போய்விடலாம் என்றுதான் இத்தனை காலம் இருந்தது.

இதில் இப்போது ஒரு மாறுதல் வந்திருக்கிறது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு என்கிறது அது. பட்டாசைவிட ஆபத்தான தொழில் வேறு என்ன இருக்கிறது? ஏட்டில் இருப்பது சூலக்கரைப் பக்கம் எப்போது வந்து சேரும் என்பதில்தான் பல குடும்பங்களின் மூச்சு இருக்கிறது.

பணக்கார நாடுகளில்

பணக்கார நாடுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் சில நீண்டகால நோய்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது. அந்தப் பட்டியல் 1968-ல் போட்டது. அதில் ஆஸ்துமா இல்லை! பக்கத்து வேல்ஸில் 2007-லும், ஸ்காட்லாந்தில் 2011-லும் எல்லா மருந்துக்கும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இன்ஹேலர் விலையைப் பற்றிப் பெரிய கூச்சல் எழுந்த பிறகு, 2024-ல் மூன்று பெரிய கம்பெனிகள் நோயாளியிடம் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்குவதில்லை என்று அறிவித்தன.

நம்மைப் போன்ற நாடான பிரேசில் 2012-லேயே ஆஸ்துமா மருந்துகளைக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பின்லாந்து 1994 முதல் பத்து வருடம் தடுப்பு மருந்தை ஊரெல்லாம் பரப்பியது. ஆஸ்துமாக்காரர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் பாதிக்கு மேல் குறைந்தன. செலவும் குறைந்தது.

உங்கள் வீட்டில்...

சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் பத்து இலக்க எண் ஒன்று உங்களுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். குடும்பத்தார் பெயரெல்லாம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் சேர்க்க மறந்தவர்கள் ஏராளம். ஐந்து வருடமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயதாகி ஓய்வு பெற்றவர்கள், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும் என்று ஒரு விதி உண்டு. பலருக்கு இது தெரியாது.

இன்ஹேலரை எடுக்கும் முறையும் முக்கியம். நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். வாயில் வைத்து, மெதுவாக மூச்சை இழுக்கும்போதே அமுக்குங்கள். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். தடுப்பு மருந்து என்றால் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். சிறு பிள்ளைகளுக்கு "ஸ்பேஸர்" என்ற குழலை மாட்டிக் கொடுக்க வேண்டும். காலியான குப்பியை அடுப்பில் போடாதீர்கள், வெடிக்கும்.

இன்ஹேலர் எடுத்தும் பிள்ளையால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.