கருத்துக்கு மதிப்பெண் போட முடியுமா?

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பொதுத்தேர்வை முடித்தவர்களில் பலர் அடுத்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் மூன்றே பாடங்களைப் படிக்கிறார்கள். ‘ஏ லெவல்’ எனப்படும் இந்தப் படிப்பில் ஆங்கில இலக்கியத்தை எடுப்பவர்கள் கடந்த பத்தாண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். கணிதமும் உளவியலும் முந்திக்கொண்டன. வேலை கிடைக்குமா என்ற கவலையோடு இன்னொரு சந்தேகமும் இலக்கியத்தைத் துரத்துகிறது. கவிதையைப் பற்றி ஒருவர் சொல்வது வெறும் அபிப்பிராயம்தானே, அதற்கு மதிப்பெண் போடுவது எப்படி? இது நியாயமான கேள்வி. ஆனால் அபிப்பிராயம் எப்போது வாதமாகிறது என்பதைத்தான் இந்தப் பாடமே கற்றுத்தருகிறது என்பது என் எண்ணம்.

2015இல் சீரமைக்கப்பட்ட பாடத்திட்டப்படி குறைந்தது எட்டு நூல்களைப் படிக்க வேண்டும். மூன்று நூல்கள் 1900க்கு முந்தியவை; அவற்றில் ஒன்று ஷேக்ஸ்பியர். 2000க்குப் பிறகு வந்த ஒரு நூலும் கட்டாயம். கதையை ஒப்பிப்பவருக்கு மதிப்பெண் கிடைக்காது. சொல்லும் வடிவமும் பொருளை எப்படி உருவாக்குகின்றன, காலச்சூழல் என்ன, வேறு வாசிப்புகள் உண்டா என்றெல்லாம் எழுதியாக வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தைப் பாருங்கள். மனைவி துரோகம் செய்கிறாள் என்று ஒத்தெல்லோவை அவனுக்குக் கீழ் பணிபுரியும் இயாகோ நம்பவைக்கிறான். 1904இல் விமர்சகர் ஏ. சி. பிராட்லி, ஒத்தெல்லோவை இயாகோவின் சூழ்ச்சிக்குப் பலியான உயர்ந்த மனிதனாகக் கண்டார். 1937இல் இன்னொரு விமர்சகரான எஃப். ஆர். லீவிஸ் இதை மறுத்தார். வீழ்ச்சிக்கு வித்து ஒத்தெல்லோவின் தற்பெருமையிலேயே இருந்தது என்றார். மாணவர் யார் பக்கம் நின்றாலும் குறையில்லை, ஆனால் நாடகத்திலிருந்து சான்று காட்ட வேண்டும். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி தொடங்கும்போது மனைவிமேல் அன்பு பொங்கப் பேசும் ஒத்தெல்லோ, அதே காட்சி முடிவதற்குள் அவளைக் கொல்லத் துணிகிறான். இந்த வேகம் லீவிஸுக்குத் துணை. அதே சமயம், நாடகத்தில் ஏறக்குறைய எல்லோருமே இயாகோவை நேர்மையானவன் என்று நம்புகிறார்கள்; அப்படியானால் ஒத்தெல்லோவை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? வெனிஸில் அவன் அந்நியன், அந்த ஊர்ப் பெண்களின் இயல்பு தனக்குத் தெரியும் என்று சொல்லும் இயாகோவை மறுக்க அவனிடம் அனுபவம் இல்லை. இரண்டு பக்கச் சான்றுகளையும் எடைபோட்டு, எதிர்ச்சான்றை மறைக்காமல் ஒரு முடிவுக்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளை செய்வதை அபிப்பிராயம் என்று தள்ளிவிட முடியுமா?

மதிப்பீடு துல்லியமானது என்று நான் வாதாட மாட்டேன். தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூத்த தேர்வாளர் தரக்கூடிய அதே தரநிலை மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு கணிதத்தில் 96 சதவீதம். ஆங்கில மொழியும் இலக்கியமும் இணைந்த பாடத்தில் பாதிக்குச் சற்றே அதிகம். பல்கலைக்கழக இடம் இந்தத் தரநிலையை நம்பியிருக்கும்போது இது சிறிய குறையல்ல. ஆயினும் இதற்காக ஒற்றைச் சொல் விடைகளுக்கு மாறினால் அளவுகோல் துல்லியமாகும், அளக்க வேண்டியது காணாமல் போகும். விடைத்தாளை இரண்டு பேர் திருத்துவதே நேர்மையான வழி, செலவானாலும் சரி.

பிராட்லிக்கு ஒரு வரி, லீவிஸுக்கு ஒரு வரி என்று உருப்போட்டு எழுதுகிறார்களே என்பது இன்னொரு குறை. அது உண்மைதான். முன்பின் பார்த்திராத பகுதியை வாசித்து எழுதும் வினா அதற்கு ஓரளவு அணை போடுகிறது. தேர்வறைக்கு வெளியே எழுதப்படும், மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு பெறும் நீண்ட கட்டுரை, நூல்களை ஒப்பிட்டு நிதானமாகச் சிந்திக்க இடம் தருகிறது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடும் என்று அஞ்சி அந்தக் கட்டுரையை நீக்குவது தவறு. வரைவுகளைப் பற்றி ஆசிரியர் நேரில் கேள்வி கேட்டாலே எழுதியது யார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.