ஊர்ப் பூங்காவில் ஒரு வெற்றித்தூண்

ஜனவரி 1 நமக்குப் புத்தாண்டு. மகாராஷ்டிரத்தின் தலித் மக்களுக்கு அது கோரேகாவ் நாள். புணே அருகே பீமா ஆற்றங்கரையில் நிற்கும் கல்தூணை வணங்க அன்று லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள்.

ஆனால் எல்லோராலும் போக முடியுமா? நாக்பூரிலிருந்து புணே 700 கிலோமீட்டருக்கு மேல். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் சம்பளமும் போய், பயணச் செலவும் சேரும். அதனால்தான் அங்கங்கே இளைஞர்கள் தங்கள் ஊரிலேயே தூணின் மாதிரியை எழுப்புகிறார்கள். வீதி வசூலில் பணம் சேர்த்து, பலகையிலோ சிமெண்டிலோ செய்து பூங்காவில், திடலில் நிறுத்துகிறார்கள். போக முடியாத பாட்டியும் அங்கே வந்து பூ வைக்கலாம்.

அந்தத் தூணில் அப்படி என்ன இருக்கிறது? 1818 ஜனவரி 1 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சுமார் 800 வீரர்கள், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை அங்கே நாள் முழுக்கத் தடுத்து நின்றார்கள். கம்பெனிப் படையில் மகர் சாதியினர் பலர். சென்னை பீரங்கிப் படையைச் சேர்ந்த சிலரும் உடன் இருந்தார்கள் (அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்). தூணில் 49 பெயர்கள் உள்ளன. அவற்றில் 22 பேர் மகர்கள். பெயரின் முடிவில் வரும் 'நாக்' என்பதைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள்.

பேஷ்வா ஆட்சியில் புணேயில் தீண்டப்படாதவர் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் துப்பக் கழுத்தில் மண்கலயமும் கட்டி நடக்க வேண்டியிருந்ததை 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1927 ஜனவரி 1 அன்று அவரே அந்தத் தூணடிக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் அது கம்பெனியின் தூண் என்பது போய் மக்களின் தூண் ஆனது.

வெள்ளையன் நட்ட கல்லுக்கு மாலையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி தவறில்லை, கம்பெனி சாதியை ஒழிக்கப் போர் செய்யவில்லை. அதே ஆங்கிலேயர்கள்தான் பின்னாளில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். ஆனால் தாத்தனின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் வேறு இடம் எது என்று அந்த இளைஞர்கள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

2018-ல் இருநூறாம் ஆண்டு நினைவில் கூடியவர்கள் மீது கல்வீச்சு நடந்தது; ஓர் இளைஞர் உயிரிழந்தார். இன்று அங்கே போலீஸ் காவலோடுதான் விழா. நம் கிராமங்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

நமக்கு ஒரே ஒரு குறை. மாதிரித் தூணைச் செய்பவர்கள் அளவில் காட்டும் அக்கறையைப் பெயர்களிலும் காட்ட வேண்டும். 49 பெயர்களையும் எழுத ஒரு பெயிண்டருக்கு ஒரு நாள் வேலைதான்.