இமை வீக்கம்: பொறுத்திருக்கக் கூடியதும் கூடாததும்

உடலின் மிக மெல்லிய தோல் இமைத் தோல். அதன் அடியில் கொழுப்புப் படை அநேகமாக இல்லை. தளர்ந்த இழையம் மட்டுமே உண்டு. கொஞ்சம் நீர் சேர்ந்தாலே இரவில் சாதாரணமாக இருந்த இமை விடியும்போது கண்ணை மூடிவிடும். நுளம்பு கடித்தாலும் இப்படி வீங்கும், கண்குழிக்குள் சீழ் கட்டினாலும் இப்படியே வீங்கும். ஆகவே வீக்கத்தின் பருமனை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. வீக்கத்தோடு கூட வருவது என்ன என்பதையே பார்க்க வேண்டும்.

அடிக்கடி காணப்படுவது கண்கட்டி. இமை மயிரின் அடியிலுள்ள சிறு சுரப்பியில் பற்றீரியா தொற்றிச் சீழ் வைப்பதால் வருவது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை நாளுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வற்றிவிடும். பிதுக்கக் கூடாது. தங்க மோதிரத்தைத் தேய்த்துச் சூடாக்கி ஒற்றும் பழைய வழக்கத்தில் வேலை செய்வது சூடுதான், தங்கம் அல்ல. அதற்குத் துணி போதும், இமையும் சுடாது.

மட்டக்களப்புப் படுவான்கரையின் வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கத்தில் இன்னொரு காரணத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வயல்வெளியில் எறும்பைப் போன்ற தோற்றமுடைய ஒரு சிறு வண்டு உண்டு. நீளம் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. உடலில் கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி வரும். அறிவியலில் அதற்குப் பேடரஸ் என்று பெயர். கபில நிறத் தத்தியைத் தின்பதால் அது விவசாயிக்கு நண்பன். ஆனால் இரவில் வாடி விளக்கைத் தேடி வந்து கழுத்தில் ஊரும்போது நசுக்கிவிட்டால், அதன் உடல்நீரிலுள்ள நச்சு தோலில் படும். அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நச்சுப் பட்ட விரல் கண்ணைக் கசக்கினால் ஒன்றிரண்டு நாள் கழித்து இமை சிவந்து எரிந்து வீங்கும். வண்டை ஊதித் தள்ளிவிட வேண்டும். நசுக்கியிருந்தால் அந்த இடத்தையும் கையையும் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

சூடடிக்கும் காலத்து வீக்கம் வேறு வகை. நெற்சுணையோ சப்பியோ கண்ணில் பட்டு, கருவிழியை மூடியுள்ள ஒளிபுகும் படலத்தைக் கீறினால், அந்தக் கீறலில் பூஞ்சணம் தொற்றலாம். முதலில் உறுத்தல், பிறகு கண்ணீர், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், இமை வீக்கம்; சில நாளில் கருவிழியில் வெண்புள்ளி. இங்கே நோய் கருவிழியில் இருக்கிறது, இமை அதைக் காட்டிக்கொடுக்கிறது. தாய்ப்பால் விடுவதும் பச்சிலைச் சாறு பிழிவதும் புதிய கிருமிகளையே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைவிடக் கேடானது, வைத்தியர் எழுதித் தராமல் பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து. சிவப்பு ஒரே நாளில் குறைவதால் குணமாகிவிட்டது போலத் தோன்றும். அடியில் பூஞ்சணம் தடையின்றிப் பரவிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரலாம்.

மணித்தியாலக் கணக்கில் முந்த வேண்டியது கண்குழித் தொற்று. மூக்குக்கும் கண்குழிக்கும் இடையிலுள்ள எலும்பு கடதாசி போல மெல்லியது. தடிமனும் பீனிசமும் முற்றிய பிள்ளையில் தொற்று அதைக் கடந்து கண்ணின் பின்புறம் போகலாம். அங்கிருந்து பார்வை நரம்பையும் மூளையையும் எட்டலாம். வீங்கிய இமையை மெதுவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். மற்றக் கண்ணைப் போலப் பார்வை தெரிகிறதா? கண் எல்லாப் பக்கமும் வலியில்லாமல் அசைகிறதா? விழி முன்தள்ளி நிற்கிறதா? காய்ச்சல் உண்டா? பார்வை மங்கினாலோ, அசைக்க வலித்தாலோ, விழி பிதுங்கினாலோ, இமையைத் திறக்கவே முடியாவிட்டாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது.

வேறு சிலவும் உண்டு. நெற்றியின் ஒரு பக்கத்தில் அக்கிக் கொப்புளம் வந்து மூக்கு நுனிக்கும் இறங்கினால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். முதல் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. காலையில் இரு இமையும் ஊதி, காலும் வீங்கினால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். வயதானவரின் இமையில் கட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, அங்கே இமை மயிரும் உதிர்ந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம். வெட்டியெடுத்த துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. படுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. வாகனம் இல்லாதவர் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டாலும் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை அல்ல: 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி.

மருந்தே தவறாகும் சந்தர்ப்பமும் உண்டு. 2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குக் கண்ணில் சிக்கல் ஏற்பட, இறக்குமதியான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. மருந்து விட்டபின் வீக்கமோ வலியோ கூடினால் போத்தலை எறியக் கூடாது. பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் அதில்தான் உண்டு. அதை வைத்தியரிடம் காட்டி, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு முறையிடலாம். வைத்தியரின் தொழில் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்குப் போகும். கவனயீனத்தால் வந்த பாதிப்புக்கு நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போவதானால், கிளினிக் கொப்பியும் பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுத்தாக வேண்டும்.