சுவரில் நிற்கும் யானை: நிக் பிராண்டின் விலங்கு உருவப்படங்கள்

பாயும் சிங்கத்தையும் மிரண்டோடும் வரிக்குதிரையையும் தொலைவிலிருந்தே பெரிதாக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ்தான் ஆப்பிரிக்க விலங்குகளைப் படமெடுப்போரின் வழக்கமான கருவி. அக்கருவியைத் தவிர்த்தவர், 1964இல் லண்டனில் பிறந்த நிக் பிராண்ட். மைக்கேல் ஜாக்சனின் ‘எர்த் சாங்’ பாடல் காட்சிகளை 1995இல் இயக்கியபோது தான்சானியாவின் விலங்குகளால் ஈர்க்கப்பட்ட அவர், சில ஆண்டுகளில் ஒளிப்படக் கலைக்கு மாறி, கிழக்கு ஆப்பிரிக்க விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்யத் தொடங்கினார்.

டெலிபோட்டோ லென்ஸ் பின்புலத்தை மங்கச் செய்து விலங்கை நிலத்திலிருந்து பிரித்துவிடுகிறது. மாறாக, விலங்கின் அருகே சென்று, அது இயல்பாக நிற்கும் வரை காத்திருந்து எடுக்கும் படத்தில் வானமும் மேகமும் சமவெளியும் உடன் இடம்பெறுவதால், அது ஒரு மனிதரின் உருவப்படத்துக்குரிய நிதானத்தைப் பெறுகிறது. பிராண்ட் பயன்படுத்திய பென்டாக்ஸ் 67 கேமராவின் பிலிம், வழக்கமான 35 மி.மீ. பிலிமைவிட நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆகவே படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் யானைத் தோலின் மடிப்புகள் தெளிவு குன்றுவதில்லை.

இத்தகைய படங்கள் பெரும்பாலும் நிறமி மையால் அச்சிடப்படுகின்றன. நீரில் கரையும் சாய மை ஒளி பட்டு விரைவில் வெளிறிவிட, கரையாத நுண்துகள்களாலான நிறமி மை, அமிலமற்ற பருத்தித் தாளில் பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும். எனினும் நேரடி வெயில் படாத சுவரும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அதற்குத் தேவை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் எண்ணிட்டுக் கலைஞர் கையொப்பமிடுவதை ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்பர். பிரதிகளின் விலையை உயர்த்துவது இக்கட்டுப்பாடே.

பிரதி நீடித்தாலும் விலங்கு நீடிப்பதில்லை. கென்யாவின் அம்போசெலியில் 2007இல் நீர் அருந்தும் கோலத்தில் பிராண்ட் படமெடுத்த இகோர் என்னும் ஆண் யானை, 2009இல் சட்டவிரோத வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டது. மறு ஆண்டே அவர், இயற்கைப் பாதுகாவலர் ரிச்சர்ட் பான்ஹமுடன் இணைந்து ‘பிக் லைஃப்’ அமைப்பைத் தொடங்கினார். உள்ளூர் மக்களையே காவலர்களாக அமர்த்தி, கென்யா, தான்சானியா எல்லைப்புற விலங்குகளை அது காத்துவருகிறது.

2016இல் வெளியான ‘இன்ஹெரிட் தி டஸ்ட்’ தொடருக்காக, முன்பு வெளியிடாத தம் படங்களை விலங்குகளின் உண்மை அளவிலேயே அச்சிட்டுப் பலகைகளில் ஒட்டி, அவை ஒருகாலத்தில் உலவிய இடங்களில், இன்று குப்பைமேடாகவும் கல் குவாரியாகவும் மாறிவிட்ட நிலங்களில், நிறுத்தி அவர் மீண்டும் படமெடுத்தார். அறைக்கு ஏற்பப் பிரதியின் அளவைத் தீர்மானிக்கும் வழக்கத்தை விட்டு, விலங்கின் அளவையே பிரதியின் அளவாக்கிய இத்தொடர், அவ்வுயிர் இழந்த இடம் எவ்வளவு என்பதைக் கண்ணால் அளக்க வைக்கிறது.