கலர் வரப்போகுதுன்னு யாருமே சொல்லலையே!

சகலை ரிட்டயர் ஆகிவிட்டார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன்.

''என்ன சகலை, டிபன் ஆச்சா? ஒரு யோசனை கேக்கணுமே... 8கே-ன்னு ஒரு டி.வி. இருக்காமே, வாங்கிப் போட்டுடலாமா? இனிமே வர்ற டெக்னாலஜி எல்லாத்துக்கும் தாங்குமாம். கடைப் பையன் அடிச்சுச் சொல்றான்.''

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம், இதே மாதிரி ஒரு கடைப் பையன் 1982-லும் அடித்துச் சொன்னான். அதைக் கேட்டுத் தலையாட்டியவர் என் அப்பா.

அப்போது திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்' பார்க்க எதிர்வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துப் பொறுக்காமல், அப்பா பி.எஃப். லோன் போட்டார். '82 ஜூன் மாசம் பெட்டி வந்தது. நாலு கால், இழுத்து மூடும் மர ஷட்டர், 'கடக் கடக்' என்று திருப்பும் சேனல் குமிழ். பிளாக் அண்ட் ஒயிட். விலை மூவாயிரத்துச் சொச்சம். ''இன்னும் பத்து வருஷத்துக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை ஸார்'' என்றான் கடைப் பையன்.

இரண்டே மாசம். ஆகஸ்ட் 15, சுதந்திர தின விழாவை தூர்தர்ஷன் டெல்லியிலிருந்து கலரில் ஒளிபரப்பியது! நவம்பரில் ஏஷியாட். கலர் டி.வி. இறக்குமதிக்குக் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். துபாயிலிருந்து வந்த பக்கத்துப் போர்ஷன்காரரின் மச்சான் ஒரு கலர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்க, எங்கள் வீட்டு வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த மொத்தக் கூட்டமும் ஒரே ராத்திரியில் கட்சி மாறிவிட்டது. அப்பா ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. ''கலர் வரப்போகுதுன்னு யாருமே சொல்லலையே!''

(சொல்லியிருந்தார்கள். பேப்பரில் பத்தி பத்தியாக வந்திருந்தது. அந்தப் பேப்பரில்தான் அம்மா வடைக்கு எண்ணெய் ஒற்றியிருப்பாள்.)

அதற்காக அப்பா சோர்ந்துவிடவில்லை. மூர் மார்க்கெட் பக்கம் போய் மூன்று கலர் அடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வாங்கிவந்து திரைக்கு முன்னால் மாட்டினார். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. வயலும் வானமும் வந்தால் பிரமாதம்! செய்தி வாசிக்கும் அம்மாவுக்குத்தான் தலைமுடி நீலமாகவும், முகத்துக்குக் காமாலை வந்த மாதிரியும் இருக்கும்.

ஆனால் ஒன்று. அப்பா நினைத்த மாதிரி அந்தப் பெட்டி செத்துவிடவில்லை. பதிமூன்று வருஷம் ஓடியது! எப்படி? இந்தியா எடுத்துக்கொண்ட பால் என்ற கலர் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சம், இருட்டு சங்கதியை, அதாவது கறுப்பு-வெள்ளைப் படத்தை, பழைய மாதிரியே அனுப்புவார்கள். கலர் விவரத்தை மட்டும் தனியாக ஓர் ஓரத்தில், அதே அலைவரிசைக்குள், சொருகி அனுப்புவார்கள். கலர் பெட்டி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பழைய பெட்டி, தனக்குப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். நல்ல மருமகள் மாதிரி!

இந்தப் புத்தி அமெரிக்காக்காரனுக்கு லேசில் வரவில்லை. அங்கே 1950-ல் சி.பி.எஸ். என்ற டெலிவிஷன் கம்பெனி ஒரு கலர் முறையைக் கொண்டுவந்தது. திரைக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள் பொருத்திய ஒரு சக்கரம், ஃபேன் மாதிரி சுற்றும். (எங்கப்பாவின் பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கொள்ளுத்தாத்தா!) படம் நன்றாகவே வந்தது. அரசாங்கமும் அனுமதி கொடுத்துவிட்டது. போட்டிக் கம்பெனியான ஆர்.சி.ஏ. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்த் தோற்றது. 1951 ஜூன் 25-ம் தேதி கலர் ஒளிபரப்பு ஆரம்பம்.

எல்லாம் சரி... ஊரில் அதற்குள் ஒரு கோடிப் பெட்டிக்கு மேல் விற்றிருந்தது. அதில் ஒன்றில்கூட இந்தக் கலர் ஒளிபரப்பு தெரியாது. கறுப்பு-வெள்ளையாகக்கூடத் தெரியாது! பார்க்க ஆள் இல்லாத நிகழ்ச்சிக்கு யார் விளம்பரம் கொடுப்பான்? நாலே மாசம். கொரியா யுத்தத்துக்குச் சாமான் வேண்டும், கலர் பெட்டி தயாரிப்பை நிறுத்து என்று உத்தரவு வந்தது. இதுதான் சாக்கு என்று கடையைக் கட்டிவிட்டார்கள். தயாரானதே ஏறக்குறைய இருநூறு பெட்டிதான். அதிலும் காசு கொடுத்து வாங்கிய புண்ணியவான்கள் எத்தனை சபித்தார்களோ!

1953 டிசம்பரில் அனுமதி கிடைத்தது ஆர்.சி.ஏ.வின் முறைக்கு. பழைய பெட்டியிலும் தெரியும் கலர். அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்த பெட்டிக்கு 15 அங்குலப் படக்குழாய். விலை ஆயிரம் டாலர். முந்திக்கொண்டு வாங்கியவருக்குப் பர்ஸ் காலி. ஆனாலும் பெட்டி வீணாகவில்லை. சி.பி.எஸ். பெட்டி வாங்கியவருக்கோ, பர்ஸும் காலி, பெட்டியும் காலி. முதலில் வாங்குவதில் இரண்டு விதமான நஷ்டம் இருக்கிறது என்பதை சகலைக்கு போனில் விளக்கினேன்.

''அதெல்லாம் அந்தக் காலம் சகலை. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றான்.''

கம்ப்யூட்டரில் பண்ணுவதுதான் இப்போது வினையே!

1998 வாக்கில் அமெரிக்காவில் ஹெச்.டி. டி.வி. விற்பனைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்கினார்கள். பின்பக்கம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வயர் சொருகும் இடம். நாலைந்து வருஷத்தில் எச்.டி.எம்.ஐ. என்று ஒற்றைப் பிளக் வந்தது. வெறும் பிளக் இல்லை. உள்ளே ஒரு பூட்டு. 'இந்த டி.வி.யிடம் சாவி இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டுத்தான் படத்தை அனுப்பும், யாரும் காப்பி அடித்துவிடக் கூடாதே என்று. மூன்று வயர் பெட்டியிடம் சாவி ஏது? திரை பிரமாதமாக இருக்கும், படம்தான் உள்ளே வராது. கோவில் திறந்திருக்கிறது, சந்நிதி பூட்டியிருக்கிறது என்கிற கதை.

அதில் யாரும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2012-ல் 84 அங்குல 4கே பெட்டி ஒன்றை 25,000 டாலருக்கு விற்றார்கள். அப்போதிருந்த பிளக்கில் 4கே படம் விநாடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் போகாது. மறு வருஷம் செப்டம்பரில் புதுப் பிளக், 60 ஃபிரேம். பின்னாலேயே புதுப் பூட்டு ஒன்று!

'3டி' கூத்தை நம்மூரிலேயே பார்த்தோம். 'அவதார்' ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, 2010-ல் எல்லாக் கம்பெனியும் 3டி டி.வி. இறக்கின. என் ஆபீஸ் நண்பர் ஒருவர் வாங்கினார். நாலு கண்ணாடி கொடுத்தார்கள். ஒன்றின் மேல் அவர் மாமனார் உட்கார்ந்தார். ஒன்றைக் குழந்தை எடுத்துப் போய் ஸ்கூலில் தொலைத்தது. மிச்சமிருந்த இரண்டை மாட்டிக்கொண்டு பார்ப்பதற்கு நிகழ்ச்சி இல்லை. விளையாட்டுக்கென்றே அமெரிக்காவில் ஆரம்பித்த 3டி சேனலை 2013-ல் மூடினார்கள். 2017-க்குள் பெரிய கம்பெனிகள் எல்லாம் 3டி டி.வி. செய்வதையே விட்டுவிட்டன. நல்ல வேளை, நண்பரின் பெட்டி சாதாரணப் படத்தையும் காட்டும். ஆக, அவருக்கு நஷ்டம் அதிகப்படி கொடுத்த காசும், மாமனாரிடம் கொஞ்சம் மனஸ்தாபமும்தான்!

சென்னைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் தனி அனுபவம் உண்டு. 2003 செப்டம்பரில், கட்டணச் சேனல் பார்க்க செட்-டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற திட்டம் இந்தியாவிலேயே முதலில் அமலுக்கு வந்தது நம் ஊரில்தான். காசு கொடுத்து வாங்கினோம். 2012-ல் நாலு பெருநகரத்திலும் கேபிள் முழுக்க டிஜிட்டல் என்று சட்டம் வந்தது; கோர்ட், கேஸ் என்று சென்னையில் கொஞ்சம் இழுத்தது. ''பழைய பாக்ஸ் இருக்கேப்பா'' என்றேன் கேபிள்காரரிடம். ''அதை பேப்பர் வெயிட்டா வெச்சுக்குங்க ஸார்'' என்றார். ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு ஒத்துவராது. என் வீட்டுப் பரணில் மூன்று பாக்ஸ் இருக்கின்றன. மூன்றும் நல்ல கண்டிஷன். யாருக்காவது வேண்டுமா?

சகலைக்கு என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. சரி, தொழில் தெரிந்தவரையே கேட்போம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் அழைத்துப் போனேன். முப்பது வருஷமாக டி.வி. வயிற்றைப் பிளந்துகொண்டிருப்பவர்.

''முன்னெல்லாம் பிக்சர் டியூப் போச்சுன்னு வருவாங்க ஸார். மாத்துவோம், திரும்ப ஓடும். இப்ப வர்றவங்க கேக்கறதே வேற. 'படம் நல்லா இருக்கு, யூ-டியூப் வரலை'ங்கறாங்க. அதுக்கு நான் எதைக் கழட்ட?''

அவர் சொன்னது சத்தியம். 2015 ஏப்ரலில் யூ-டியூப் தன் பழைய ஏற்பாட்டை நிறுத்தியபோது, 2012-க்கு முன் வந்த பல ஸ்மார்ட் டி.வி.க்களில் அது நின்றுபோனது. மூன்று நாலு வருஷம்தான் ஆன பெட்டிகள்! 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸும் சில பழைய மாடல்களைக் கைகழுவியது. அந்தக் காலத்துப் பெட்டிக்கு உயிர் டியூபில் இருந்தது. இந்தக் காலத்துப் பெட்டிக்கு உயிர், ஏழு கடல் தாண்டிய கிளி மாதிரி, யாரோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது.

''அப்ப ஸ்மார்ட் டி.வி.யே வேணாங்கறீங்களா?'' என்றார் சகலை.

''வாங்குங்க ஸார். நாளைக்கு ஆப் நின்னுபோச்சுன்னா, ரெண்டாயிரம் மூவாயிரத்துல ஒரு குச்சி கிடைக்குது, பின்னாடி சொருகிட்டா முடிஞ்சது. அதுக்குத் தோதா பிளக் நாலு இருக்கான்னு பாத்துக்குங்க. அதை விட்டுட்டு எட்டு, பத்துன்னு நம்பர் பார்த்து வாங்காதீங்க.''

அந்த எட்டு என்னதான் செய்கிறது? நம் வீட்டு ஹெச்.டி. சேனலில் ஒரு படத்துக்குச் சுமார் 20 லட்சம் புள்ளி. 4கே-யில் 83 லட்சம். 8கே-யில் 3 கோடியே 30 லட்சம்! ஜப்பானின் என்.எச்.கே. 2018 டிசம்பர் 1-ல் 8கே சேனலே ஆரம்பித்தது. இதே என்.எச்.கே. முன்பு 'ஹைவிஷன்' என்ற அனலாக் முறை ஹெச்.டி.யையும் உலகத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் பெட்டி பத்து லட்சம் யென்னுக்கு மேல். உலகம் டிஜிட்டலுக்குப் போய்விட்டதால், 2007-ல் அதை இழுத்து மூடினார்கள் என்பதையும் சகலை காதில் போட்டுவைத்தேன்.

கடைசியாக நான் எடுத்த ஆயுதம் டேப். சகலை வீட்டு ஹாலில் சோபாவிலிருந்து சுவர் வரை அளந்தேன். பத்து அடி. 65 அங்குல 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். நல்ல பார்வை உள்ளவருக்கே நாலேகால் அடிக்கு அப்பால் அது தனித்தனிப் புள்ளியாகத் தெரியாது. 8கே-யின் அருமை முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் இரண்டடியில் உட்கார வேண்டும்.

''இரண்டடியா? அப்ப நான் டி.வி. ஸ்டாண்டு மேலேயே உக்காந்துக்கணும்.''

''அதுவும் கேட்டராக்ட் ஆபரேஷன் முடிஞ்சப்புறம் சகலை!''

எங்கள் வீட்டுப் பழைய பெட்டி என்ன ஆனது என்று சொல்லவில்லையே? '95-ல் கேபிள் வந்த பிறகு, குமிழில் இருந்த சேனல்கள் போதவில்லை. கன்வர்ட்டர் வைத்துப் பார்த்து அலுத்துப்போய் கலர் வாங்கினோம். அம்மா பழசைக் கொடுக்க விடவில்லை. இரண்டு வருஷம் முன்பு பரணைச் சுத்தம் செய்தபோது இறக்கி, ரிச்சி ஸ்ட்ரீட்காரரை அழைத்து, ஆசைக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நிமிஷம் முனகிவிட்டு, திரை வெளிச்சமாகி, 'உஸ்ஸ்' என்று பனி பெய்தது. பெட்டி பிழைத்துவிட்டது! ஆனால் பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. தூர்தர்ஷன் ஆன்டெனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பழைய அனலாக் ஒளிபரப்பை, 2022 மார்ச்சுக்குள் அநேகமாக நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். மொட்டை மாடியில் நின்று ''இப்பத் தெரியுதா... இப்பத் தெரியுதா?'' என்று கத்திய அப்பா இருந்திருந்தால் இன்னொரு தரம் ஈஸிசேரில் சாய்ந்திருப்பார். அம்மா ஷட்டரை மூடி, பொட்டு வைத்து, இப்போது அதன் மேல் கொலு பொம்மைப் பெட்டியை வைத்திருக்கிறாள்.

சகலை போன வாரம் 55 அங்குல 4கே வாங்கினார். கொஞ்சம் பழைய மாடல், ஆடித் தள்ளுபடி. மிச்சப் பணம் பாங்க்கில் பத்திரம். 'கிரகப்பிரவேசத்துக்கு' எல்லோரும் போயிருந்தோம். சுவரில் மாட்டி, ரிமோட்டை அமுக்கினார். கூட்டம் ''ஆஹா'' என்றது. எண்பத்தி நாலு வயசு மாமியார் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டார்.

''ஏன் மாப்ளே, இதுல பொதிகை வருமா?''

சகலை என்னைப் பார்த்தார். நான் சகலையைப் பார்த்தேன்.

''வரும் அத்தை... ஆனா 2024-லேயே அதுக்குப் பேரை மாத்திட்டாங்க. இப்ப டி.டி. தமிழ்!''

''பேரை மாத்தப்போறாங்கன்னு யாருமே சொல்லலையே!'' என்றார் மாமியார்.