நகரத்துக்கு ஒரு வனம்: நிதி வருவதும் நிலம் நிலைப்பதும்

நகரங்கள் வளரும்போது முதலில் மறைபவை விளையாட்டுத் திடல்களும் ஊரோரத் தோப்புகளுமே. மனை விலை ஏற ஏற, திறந்த வெளியொன்றை அப்படியே விட்டுவைப்பது வீண் என்ற எண்ணம் வலுக்கிறது. எஞ்சிய நிலத்தையேனும் காக்க விழையும் குடியிருப்போர் எதிர்கொள்ளும் முதற் கேள்வி, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதாகும்.

அக்கேள்விக்கு மத்திய அரசு அளித்துள்ள விடைகளுள் ஒன்று நகர வனத் திட்டம். 2020 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, ஐந்தாண்டுகளில் 200 நகர வனங்கள் என்ற இலக்குடன் இது அறிவிக்கப்பட்டது. இலக்கு பின்னர் உயர்த்தப்பட்டது. 10 முதல் 50 ஹெக்டேர் வரையிலான நிலம் நகர வனமாகவும், 1 முதல் 10 ஹெக்டேர் வரையிலான நிலம் 'நகர் வாடிகா' எனப்படும் சிறு வனமாகவும் உருவாக்கப்படலாம். நிதியுதவி ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய். 20 ஹெக்டேர் நிலமுள்ள ஊருக்கு 80 லட்சம் ரூபாய் கிடைக்கும். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றினும், கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 40 ரூபாய்தான். வேலி, மழைநீர்த் தேக்கம், மரக்கன்றுகள், நடைபாதை அனைத்தையும் இந்த அளவை மனத்திற்கொண்டே திட்டமிட வேண்டும்.

இப்பணத்தின் மூலத்தையும் நாம் அறிந்திருத்தல் நலம். சுரங்கம், அணை, நெடுஞ்சாலை போன்றவற்றுக்காகக் காட்டு நிலத்தைப் பெறுவோர், மாற்றுக் காடு வளர்க்கும் செலவையும், இழக்கப்படும் காட்டின் நிகர தற்போதைய மதிப்பையும் செலுத்துகின்றனர். 2016ஆம் ஆண்டின் ஈடுசெய் காடுவளர்ப்பு நிதிச் சட்டப்படி இத்தொகையில் 90 விழுக்காடு மாநிலங்களுக்கும் 10 விழுக்காடு தேசிய நிதிக்கும் சேர்கிறது. 2019 ஆகஸ்டில் மட்டும் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்கு விடுவிக்கப்பட்டது. நகர வனங்களுக்கான உதவி தேசிய நிதியிலிருந்து வருகிறது. ஆக, நகரவாசி காலையில் நடைபயிலும் நிழலுக்கான விலையை, எங்கோ ஒரு மலைச்சரிவில் வெட்டப்பட்ட காடு முன்னரே கொடுத்துவிட்டது. அந்தக் காட்டையும் அதை நம்பி வாழ்ந்தோரையும் ஒரு நகரப் பூங்கா ஈடுசெய்துவிடாது. எனவேதான் இப்பணத்தை ஓராண்டுப் பசுமைக்காகச் செலவழித்துவிட்டு மறந்துவிடுதல் தகாது.

திட்டத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது புணே நகரின் வார்ஜே வனம். ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புள்ள அவ்வனநிலம் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகி, வறண்ட குன்றாகக் கிடந்தது. வனத்துறையும் தன்னார்வ அமைப்பும் உள்ளூர் மக்களும் கைகோத்தனர். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் துணைநின்றது. குளங்கள் வெட்டப்பட்டன, உள்நாட்டு மரங்கள் நடப்பட்டன. 2020இல் அங்கே 29 பறவையினங்களும் 15 வண்ணத்துப்பூச்சி இனங்களும் பதிவாகியிருந்தன. பொட்டல் குன்று வனமானது பணத்தால் மட்டுமன்று. கோடைதோறும் கன்றுகளுக்கு நீர் ஊற்றவும், வேலியைக் கண்காணிக்கவும் ஆட்கள் இருந்ததாலும்தான்.

நிதி செலவான பின்னர் நிலத்துக்கு என்ன பாதுகாப்பு? இவ்வகையில் அமெரிக்காவின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி கருதத்தக்கது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்நிதியும் ஓர் இயற்கை வளத்தின் இழப்பிலிருந்தே பிறக்கிறது: கடலடி எண்ணெய், எரிவாயு உரிமங்களால் அரசுக்குக் கிடைக்கும் வருவாயே அதன் ஊற்று. 2020இல் நிறைவேறிய சட்டம் ஆண்டுக்கு 90 கோடி டாலரை அதற்கு நிரந்தரமாக உறுதிசெய்தது. மாநிலங்களும் ஊராட்சி அமைப்புகளும் பூங்கா, திடல், நடைவழி அமைக்க இதிலிருந்து மானியம் பெறும்போது, செலவில் பாதியைத் தாமே ஏற்க வேண்டும். அதனினும் முக்கியமானது மற்றொரு நிபந்தனை. மானியம் பெற்ற நிலம் என்றென்றும் பொதுமக்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே உரியது. வேறு பயனுக்கு மாற்ற நேர்ந்தால், சந்தை மதிப்பிலும் பயனிலும் குறையாத மாற்று நிலத்தை அளித்தாக வேண்டும்.

நம் ஊரிலும் குடியிருப்போர் சங்கங்கள் இக்கோணத்தில் சிந்திக்கலாம். நகர வனத்துக்கான கருத்துரு மாநில வனத்துறை வழியாகவே செல்கிறது. ஆதலின் முதலில் செய்யத்தக்கது, குறித்த நிலம் வனநிலமா, புறம்போக்கா, உள்ளாட்சிக்கு உரியதா என்பதை வருவாய்ப் பதிவேடுகளில் அறிந்துகொள்வது. வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கும் அதே கவனம் பொதுநிலத்துக்கும் தேவை. அடுத்து, உள்ளாட்சி மன்றத்தில் இரண்டு உறுதிகளைத் தீர்மானமாகவே பெறுதல் வேண்டும்: ஐந்தாண்டுகளுக்குப் பின் பராமரிப்புச் செலவை ஏற்பவர் யார், நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமாயின் மக்களிடம் கேட்கப்படுமா. இவ்விரண்டும் எழுத்தில் அமைந்த பின்னரே முதற்கன்றை நடுவது விவேகம்.