17 வயதில் ‘மாஸ்டர்’: துண்டு துண்டான ரஃபேல் ஓவியம்

17 வயசுல உங்களை நம்பி யாராவது பெரிய கான்ட்ராக்ட் கொடுப்பாங்களா? இத்தாலிய ஓவியர் ரஃபேலுக்குக் கொடுத்தார்கள்.

11 வயதில் தந்தையை இழந்தவர் அவர். தந்தையும் ஓவியர்தான். 1500 டிசம்பரில், சித்தா டி காஸ்டெல்லோ நகரத் தேவாலயத்துக்குப் பீட ஓவியம் வரைய ஒப்பந்தம் போட்டார். அதிலேயே அவருக்கு ‘மாஸ்டர்’ பட்டம்! கூட வேலை செய்தவர், அப்பாவின் பழைய உதவியாளர் எவாஞ்செலிஸ்டா. ஆவணத்தில் பதிவான ரஃபேலின் முதல் வேலை இதுதான்.

1789 நிலநடுக்கத்தில் ஓவியம் சேதமானது. மிஞ்சியதை வெட்டிப் பிரித்தார்கள். இப்போ அந்தத் துண்டுகளைப் பார்க்கணும்னா நேப்பிள்ஸ், பிரெஷியா, பாரிஸ்னு மூன்று நகரங்களுக்குப் போகணும்.

அப்போ முழு ஓவியம் எப்படி இருந்தது? ரஃபேல் முன்கூட்டியே வரைந்து பார்த்த தாள் ஒன்று பிரான்ஸின் லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகை போனாலும் தாள் பிழைத்திருப்பது, அந்தக் காட்சியை இன்றும் ஓரளவு ஊகிக்க உதவுகிறது.